காத்து டாங்கில் வறுத்த காப்பி

அருப்புக்கோட்டை
9.1.1988

பாசமுள்ள அத்தாவுக்கு,

உங்கள் ஒரே மகளும், அந்த வகையில் மூத்த மகளும் கடைசி மகளுமான தஸ்லீமா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் அம்மா சுகம். நானும் சுகம். அரைப் பரீட்சை மார்க் மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது, அதை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். சவூதியில், அந்தத் தம்மாமில் உங்கள் சுகம் எப்படி?

உங்கள் போன கடிதத்தில் "இன்னும் ஒரு வருஷம் கழித்து ஊரோடு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முந்தின வருஷக் கடிதத்திலும் அதே வரி, அதே இடத்தில். பரீட்சையில் நான் காப்பி அடித்தால் காதைத் திருகுவீர்கள். இங்கே உங்கள் லெட்டரையே நீங்கள் காப்பி அடிக்கிறீர்கள், யார் காதைத் திருக?

நான் வாசிக்க வாசிக்க அம்மா கேட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பின்பக்கத்து ஆட்டுக் கொட்டகையில் கிடந்த விறகையெல்லாம் வெளியே தூக்கி எறிந்துகொண்டிருக்கிறார்கள்.

"என்னம்மா, ஆடு வாங்கப் போறீங்களா?"

"காப்பி வறுக்கப் போறேன்."

"அடுப்படியில வறுத்தா ஆகாதா?"

"உங்கத்தா பஜார்க் கடையில அத்தனை வருஷம் வறுத்தவுக. கடையை மூடுனதுனாலதான் கடல் தாண்டிப் போனாக. வந்து நிக்கிறதுக்கு இங்க ஒரு எடம் இருந்தா வந்துருவாகள்ல. போய்ப் பாடத்தைப் படி."

நான் பாடத்தைப் படிக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். போடியிலிருந்து பச்சைக் கொட்டை வரவழைத்தாயிற்று. முதல் வறுவல் இரும்பு வாணலியில் நடந்தது. பாதிக் கொட்டை கரி, மீதிக் கொட்டை பச்சை. வறுத்ததில் வருத்தம்தான் மிஞ்சியது. (எந்த இடத்தில் எந்த ற என்று கவனித்துப் படிக்கவும்.) ஆனால் அம்மா விடுகிற ஆளா? மீரான் பீவி சொல்லைச் சின்ன மீரான் மீறார் என்பது ஊரறிந்தது. உங்கள் ரெண்டு பேர் பெயரையும் சொன்னதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், மோனை அப்படி அமைந்துவிட்டது.

துஆ செய்யும்போது என் கணக்குப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளவும்.

தஸ்லீமா


தம்மாம்
2.2.1988

கண்ணு மகள் தஸ்லீமாவுக்கு அத்தாவின் ஸலாம்.

நான் சுகம். இங்கே குளிர், ரெண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடிக்கிறது. மார்க் விஷயத்தை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அடுத்த கடிதம் இதுதான். பார்க்கிறேன், காணவில்லை.

உங்கம்மா ஆசைப்பட்டால் செய்யட்டும், கையைச் சுட்டுக்கொள்ளாமல். எனக்காக என்று மட்டும் எதையும் செய்ய வேண்டாம் என்று சொல். கம்பெனியில் ஆள் குறைவு, இப்போதைக்கு விடமாட்டார்கள். வாணலியில் ஒரு நாளும் சீராக வறுபடாது, உருளை வேண்டும். கொட்டை கருப்பட்டி நிறம் வந்து, மேலே லேசாக எண்ணெய் மினுங்க ஆரம்பிக்கும்போது இறக்க வேண்டும். நிறத்தை நன்றாகப் பார்க்கச் சொல். பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்.

அம்மாவுக்கு என் ஸலாம். மழை இல்லாத ஊரில் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்.

அத்தா


அருப்புக்கோட்டை
6.3.1988

கருப்பட்டி நிறம் கேட்ட அத்தாவுக்கு,

உங்கள் பல் ஆடாமல் இருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அம்மா சுகம், ஆனால் முழங்கை வரை கிரீஸ். கையைப் பார்த்தால் லாரி கிளீனர் என்றும், முகத்தைப் பார்த்தால் லாரி முதலாளி என்றும் தோன்றும்.

நீங்கள் உருளை என்று ஒரு வார்த்தை எழுதினீர்கள், அவ்வளவுதான். வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் சண்முகவேல் அண்ணன் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டார்கள். அங்கே லாரிக்காரர்கள் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பஸ்ஸுக்கு வழி கேட்க வந்த பொம்பளை என்று நினைத்திருப்பார்கள் போல.

"பழைய காத்து டாங்கு ஒண்ணு வேணும்ணே. லாரி பிரேக்குக்குக் காத்து அடைச்சு வைப்பீகள்ல, அது."

"அதுல என்னம்மா செய்யப் போறீக, தண்ணி பிடிச்சு வைக்கவா?"

"காப்பிக்கொட்டை வறுக்க."

"காப்பியா? டீசல் வாடையில்ல அடிக்கும்."

"அதுக்குத்தான் காத்து டாங்கு கேட்டேன். டீசல் டாங்கு கேக்கலையே."

சண்முகவேல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா" என்றார்.

அத்தா, இதை நான் கிண்டலாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அம்மாவுக்கு மண்டைக்குள் இப்படி ஒரு பட்டறை இருந்தது என்று எனக்குத் தெரியாது. டாங்கின் ஒரு பக்கத்தை அறுத்துக் கதவு வைத்தாயிற்று. உள்ளே சாய்வாக மூன்று தகடு. கொட்டை ஒரே இடத்தில் கிடந்து கருகாமல் புரண்டு புரண்டு விழ வேண்டுமாம். எங்கே பார்த்தார்கள் தெரியுமா? திருச்சுழி ரோட்டில் பாலம் கட்டுகிறார்கள், பஸ்ஸு நின்ற நேரத்தில் சிமெண்ட் கலக்கிற மெஷினுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கண்டக்டர் விசில் அடிக்க அடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய கிரைண்டர் மோட்டார், அதிலிருந்து சைக்கிள் செயின், செயினில் டாங்கு. அடியில் கரி அடுப்பு. பரளச்சிப் பக்கத்துக் கருவேலங்கரி, நின்று எரியும். கதவில் ஒரு ஓட்டை, அதற்குள் நீளமாக இரும்புக் கரண்டி. டாங்கு சுற்றச் சுற்ற உருவி எடுத்து நாலு கொட்டை பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகிவிடலாம். பக்கத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய சல்லடை. அதற்குக் கீழே டேபிள் ஃபேனை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறது. வறுத்த கொட்டையைச் சல்லடையில் கொட்டினால் சூடு பறந்துவிடும். கடப்பாக்கல் மேடை ஒன்று. பச்சைக் கொட்டை டின் இடது கைப்பக்கம், பொடி டின் வலது கைப்பக்கம், நடுவில் நெருப்பு.

எல்லாம் வைத்து முடித்ததும், கொட்டை போடாமலே வெறுங்கையால் ஒரு தடவை வறுத்துப் பார்த்தார்கள். டின்னைத் திறக்கிற மாதிரி, கொட்டுகிற மாதிரி, கரண்டியை உருவுகிற மாதிரி. திரும்புகிற இடத்தில் முழங்கை இடித்தது. உடனே மேடையை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். கடைசியில் எனக்கு வெறும் டம்ளரை நீட்டினார்கள். குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்றேன். தலையில் ஒரு கொட்டு. அந்தக் கொட்டு நிஜம்.

இப்போது சொல்லுங்கள். இத்தனையையும் பண்ணி வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை காத்திருக்கிறாள். காத்து டாங்கை வைத்துக்கொண்டு காத்து. எப்போது வருகிறீர்கள்?

தஸ்லீமா
(மார்க்: கணக்கில் முப்பத்தாறு. அடுத்த கடிதத்தில் திட்டவும்.)


தம்மாம்
30.3.1988

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம். சுகம். குளிர் போய்விட்டது, பல் இருக்கிறது.

உன் கடிதத்தை ரெண்டு மூன்று தடவை படித்தேன். சாய்வுத் தகடு வைக்க வேண்டும் என்பது பஜார்க் கடை முதலாளிக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்கம்மாவிடம் நான் இதைச் சொன்னேன் என்று சொல். இல்லை, சொல்லாதே, அப்புறம் சிமெண்ட் மெஷினையே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாள்.

ஒன்று கேட்க வேண்டும். கொட்டை சூடேறியதும் வெடிக்குமே, அந்தச் சத்தம் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கிறதா? கேட்டு எழுது.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தா


அருப்புக்கோட்டை
8.5.1988

அத்தாவுக்கு நோன்பாளி தஸ்லீமாவின் ஸலாம். (பாதி நாள் நோன்பாளி என்று அம்மா திருத்தச் சொல்கிறார்கள். திருத்த மாட்டேன்.)

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா நோன்பு வைத்துக்கொண்டே நெருப்பின் பக்கத்தில் நின்று காப்பி வறுக்கிறார்கள். "பெருநாள் கழிச்சுச் செய்யக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "நோன்புலதான் செய்யணும். மத்த நாள்ல ருசி பார்க்கலாம்னு நெனைச்சா கை சும்மா டம்ளருக்குப் போகும். இப்ப மூக்கை வச்சே கத்துக்கிடணும்" என்றார்கள். கொட்டை முதலில் பச்சைப் புல் மாதிரி மணக்கிறது, அப்புறம் அரிசி வறுத்த மாதிரி, அப்புறம் கருப்பட்டி பாகு, அப்புறம்தான் காப்பி. ஒவ்வொன்றுக்கும் கரண்டியை உருவி என் மூக்கிலும் நீட்டுகிறார்கள். வாசனை பிடித்தால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டேன். "மோந்தா முறியாது. மோந்துக்கிட்டே மனசுக்குள்ள குடிச்சா அதை அல்லாதான் பார்க்கணும்" என்றார். நான் மனசுக்குள் நாலு டம்ளர் குடித்திருந்தேன். சொல்லவில்லை.

நோன்பு திறந்து முதல் டம்ளர் குடித்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள். நல்லா இருக்கா என்றேன். "உங்கத்தா கைப்பக்குவத்துல பாதி வந்திருக்கு" என்றார்கள். என் வாய்க்கு முழுசாக வந்திருந்தது.

ஆனால் அதற்கு முந்தின நாள் நடந்ததைக் கேளுங்கள். காப்பிக்கொட்டை வறுபடும்போது மெல்லிசாக ஒரு உமி உரியுமே, அது வீட்டுக்குள் பறக்கிறது என்று அம்மா தகரக் குழாய் ஒன்று வைத்துத் தெருப் பக்கமாக வெளியே விட்டார்கள். நல்ல யோசனை. மேற்கிலிருந்து மேகாத்து அடிக்கிற மாதம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் எதிர்வீட்டுச் சௌந்தரம் அக்கா தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டிருந்தது. மூன்று சேலைக்கான பாவு, வெள்ளை வெளேரென்று, ஈரக் கஞ்சியோடு. எங்கள் குழாய் உமியை ஊதி ஊதித் தள்ள, கஞ்சி அதைப் பிடித்துப் பிடித்து வைத்துக்கொண்டது. பாவு பூராவும் பழுப்புப் பொட்டு.

"ஏக்கா மீரான் பீவி, நான் வெள்ளைப் பாவு போட்டேன். ஒங்க மெஷினு அதுல புட்டா போட்டுருச்சே."

"அய்யோ சௌந்தரம், நான் பார்க்கலை தாயி."

"பார்க்காமலே இம்புட்டுப் புட்டான்னா, பார்த்துப் போட்டா பட்டுச் சேலையே நெய்வீக போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னது, ஆனால் கண் கலங்கியிருந்தது. உமியோடு கஞ்சி காய்ந்தால் இழை அறுந்துபோகும். தெருப் பெரியவர்கள் வந்து மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். அம்மா அடுப்பை அணைத்தார்கள். பாவின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் சௌந்தரம் அக்கா, நடுவில் நான். வெறும் வயிற்றோடு இழை இழையாக உமியை எடுத்தோம். அக்கா கஞ்சியை மறுபடி தெளித்துக்கொண்டே வந்தது. வெயில் சாயும்போது பாவு பிழைத்துவிட்டது. எங்கள் முதுகு பிழைக்கவில்லை.

அடுத்த வாரத்தில் குழாயை வளைத்து, தண்ணீர் நிரப்பிய எண்ணெய் டின்னுக்குள் இறக்கிவிட்டார்கள். உமி தண்ணீரில் படிந்துவிடுகிறது, சுத்தமான காற்றுதான் வெளியே போகிறது. தெருப் பெரியவர்களைக் கூப்பிட்டு, குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டினார்கள். ஒரு பொட்டு இல்லை. சௌந்தரம் அக்காதான் இப்போது முதல் வாடிக்கை. பாவு நீட்டுகிற நாளைக்கு முந்தின நாளே சொல்லி அனுப்புகிறது, அன்றைக்கு நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை.

நீங்கள் கேட்ட வெடிச் சத்தம்: கேட்கவே இல்லை. மோட்டார் போடுகிற கூச்சலில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் தெரியாது.

அம்மா ஒரு பாட்டம் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். நான் ரெண்டு பாட்டம்.

தஸ்லீமா


தம்மாம்
1.6.1988

அன்பு மகளுக்கு, பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. சுகம்.

கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வருஷக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருப்பதுதான் நல்லது. அம்மா நன்றாகவே வறுக்கிறாள் என்று தெரிகிறது. நான் வந்து செய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தா


அருப்புக்கோட்டை
10.7.1988

அத்தாவுக்கு ஸலாம். சுகம் என்று எழுதுவது வழக்கம், ஆகவே சுகம்.

உங்கள் கடிதத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கி, தானே எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படித்துவிட்டுக் கரி உடைக்கப் போனார்கள். தேவைக்கு மேலேயே உடைத்தார்கள்.

லீவுக்கு வந்திருந்த பரளச்சி உதயகுமார் அண்ணன் திரும்பத் தம்மாம் வருகிறார். அவரிடம் காப்பிப்பொடி ரெண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். ஒன்று நீல நூல், இன்னொன்று சிவப்பு நூல். ரெண்டும் வேறு வேறு பக்குவம். எது ஒஸ்தி என்று சொல்லவும். பஜாரிலேயே பேர் வாங்கிய மூக்கு அல்லவா.

இப்படிக்கு, படித்து முடிக்கிற உத்தேசமே இல்லாத மகள்,
தஸ்லீமா


தம்மாம்
14.8.1988

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம். நான் சுகம். உதயகுமார் வந்து பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுத் தன் கேம்ப்புக்குப் போனார்.

பிரித்ததுமே ரூம் பூராவும் வாசனை. யாருக்கும் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். ரெண்டுமே நன்றாக இருக்கிறது. ஆனால் சிவப்பு நூல் பொட்டலம்தான் ஒஸ்தி. நிறம் அருமை. பழைய கடையில் நின்று குடித்த மாதிரியே இருந்தது. உங்கம்மாவிடம் சொல், இந்தப் பக்குவத்தை விடவே வேண்டாம் என்று.

கோபமாக எழுதியிருந்தாய். கோபம் நல்லதுதான், படிப்பில் காட்டு.

அத்தா


அருப்புக்கோட்டை
5.9.1988

அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் சுகத்தை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

சிவப்பு நூல் பொட்டலத்தில் இருந்தது காப்பி இல்லை. புளியங்கொட்டை. வறுத்து, இடித்து, சலித்து நானே கட்டினேன். அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, கோபத்தில் அடுத்த பிளேனைப் பிடித்து என் காதைத் திருக வருவீர்கள் என்பது என் திட்டம். திட்டம் போடும்போது சிரிப்புத் தாங்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அத்தாவை நல்லா ஏமாற்றிவிட்டேன் என்று பள்ளிக்கூடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். மத்தியானம் சிரிப்பு நின்றுபோனது. மிச்சமிருந்த பொடியைச் சௌந்தரம் அக்காவிடம் காட்டினேன். கைநீட்டி வாங்குவதற்கு முன்னாலேயே, "இதென்ன பிள்ளை, புளியங்கொட்டை வாடை அடிக்குது" என்றது.

உங்கள் லெட்டரையெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துப் படித்தேன். கொட்டையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். வெடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசனை எப்படி என்று ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை.

அத்தா, உங்களுக்கு வாசனை தெரிகிறதா?

அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

தஸ்லீமா


அருப்புக்கோட்டை
20.11.1988

அத்தாவுக்கு ஸலாம்.

ஐப்பசியும் போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். சுகமாக இருக்கிறீர்களா என்பதையாவது எழுதுங்கள். இரண்டு விஷயம் நடந்திருக்கிறது.

முதலாவது. போன வாரம் வறுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றது. கொட்டை கருகிவிடுமே என்று அம்மா துணியைச் சுற்றிக்கொண்டு செயினைக் கையால் இழுத்தார்கள். அப்போதுதான் அத்தா, அந்தச் சத்தத்தைக் கேட்டோம். சோளம் பொரிகிற மாதிரி. நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை, டாங்கிலேயே காதை வைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். "இது எனக்குத் தெரியாது. வாசனை வச்சு முக்காவாசிதான் போக முடியுது. மிச்சம் இதுலதான் இருக்கு போல" என்றார்கள்.

இரண்டாவது. அன்றைக்குச் சாயங்காலம் கேட்டார்கள்.

"ரெண்டு மாசமா வீட்டுல ஒரு சேட்டையும் காணோம். உனக்கென்ன காய்ச்சலா?"

இல்லை என்றேன்.

"அத்தாவுக்கு என்ன எழுதுன?"

நான் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. அழுகைதான் தானாகத் திறந்துகொண்டது. அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்கள்.

"போன லீவுல பக்ரீத் அன்னைக்குப் பிரியாணி அடிபிடிச்சுப் போச்சு. தெருக்கோடி வரைக்கும் தீஞ்ச வாடை. உங்கத்தா சட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, 'பீவி, வாசம் ஆளைத் தூக்குது'ன்னாக. எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

"அப்ப ஏம்மா கேக்கலை?"

"அவுக சொல்லலை. நான் கேக்கலை."

"தெரிஞ்சும் எதுக்கு இந்த மெஷினெல்லாம்?"

"அவுக மூக்கு வேலையை நான் கத்துக்கிட்டா, மூக்கு இல்லைன்னு நெனைச்சுக்கிட்டு அவுக அங்கயே உக்காந்திருக்க வேண்டாம்ல."

நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நின்று மோந்து மோந்து பார்த்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுத வார்த்தை வரவில்லை அத்தா. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, சௌந்தரம் அக்கா செயினை இழுக்க, அம்மா கரண்டி போட, நான் டேப் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எங்க தப்புப் பண்றேன்னு அவுகளைக் கேட்டு எழுதச் சொல்லு" என்பது அம்மாவின் உத்தரவு.

தஸ்லீமா


தம்மாம்
18.12.1988

என் மகளுக்கு,

ஸலாம். பதில் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை, வெட்கம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் டாங்குக்குள் இறங்கிக் கழுவும்போது மருந்துப் புகை ஏறிவிட்டது. கொஞ்ச நாள் மூக்கு எரிந்தது. பிறகு எரிச்சல் போனது, கூடவே எல்லா வாசனையும் போனது. டாக்டர் பார்த்துவிட்டு, திரும்ப வராது என்றார். சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் கசப்பும் தெரியும், அவ்வளவுதான். பஜாரில் என்னை மூக்கு மீரான் என்பார்கள். மூக்கில்லாத மீரானாக எந்த முகத்தோடு அங்கே வந்து இறங்குவது? இங்கே என்றால் யாருக்கும் என் மூக்கு தேவையில்லை.

அந்தப் பிரியாணி தீய்ந்தது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் அல்லவா சாப்பிட்டீர்கள்.

கேசட் வந்தது. வெள்ளிக்கிழமை ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் வாங்கிக் கேட்டேன். முதல் வெடி சரியாக வந்திருக்கிறது. அது ஓய்ந்ததும் நடுவில் ஒரு மௌனம் வருகிறது பார், அந்த மௌனத்தில் தீயைத் தணிக்க வேண்டும். உங்கம்மா தணிக்கவில்லை, அதனால் இரண்டாவது வெடி அவசரமாக வந்துவிட்டது. அது முதலாவது மாதிரி இருக்காது. நெருப்பில் உப்பு விழுந்த மாதிரி பொடிப் பொடியாகக் கேட்கும். ஆரம்பித்ததுமே இறக்கிவிட வேண்டும். உங்கம்மா அதற்கப்புறமும் சௌந்தரத்திடம், முந்தின நாள் பாவு காய்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வறுவல் கொஞ்சம் கசந்திருக்கும். இல்லையா என்று கேள்.

மறுபடி போட்டுப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் மூக்கால்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். காதும் செய்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. மாசி மாதத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். வரலாமா என்று உங்கம்மாவிடம் கேட்டு எழுது.

புளியங்கொட்டைக்கான திருகல் பாக்கி இருக்கிறது.

அத்தா


அருப்புக்கோட்டை
8.1.1989

அன்பு அத்தாவுக்கு,

என் காது ஸலாம் சொல்கிறது, அதற்கு இப்போதே பயம். மற்றபடி சுகம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கசந்திருக்கும் என்ற இடத்தில், "ஆமா, கசந்துச்சு" என்றார்கள். அதோடு எழுந்து அடுப்பை மூட்டினார்கள். என்னைச் செயினை இழுக்கச் சொன்னார்கள், வாயை மூடிக்கொண்டு. நீங்கள் சொன்ன மௌனம் வந்தது. கரியைத் தள்ளினார்கள். உப்புச் சத்தம் கேட்டதும் சல்லடையில் கொட்டினார்கள். ஆறவைத்து, இடித்து, போட்டுக் குடித்தார்கள். இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டார்கள். அம்மா இரண்டாவது டம்ளர் குடித்து நான் பார்த்ததில்லை.

"அத்தா வரலாமான்னு கேட்டிருக்காங்க, என்ன எழுத?" என்றேன். அம்மா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பந்தல்குடி ரோட்டுக்கு பஸ்ஸு ஏறிவிட்டார்கள்.

மறுநாள் சண்முகவேல் அண்ணன் சாமானோடு வந்தார். கூச்சல் போடுகிற மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையால் சுற்றுகிற மாதிரி இரும்புக் கைப்பிடி ஒன்று அடித்துக் கொண்டு வந்திருந்தார். "எந்த உசரத்துல வைக்கம்மா?" என்று கேட்டார்.

அம்மா டாங்குக்கு முன்னால் போய் நின்றார்கள். கொஞ்சம் யோசித்தார்கள். அப்புறம் கையைத் தட்டையாக விரித்துத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார்கள்.

"இங்க."

"இம்புட்டு உசரமா? உங்களுக்குச் சுத்த எட்டாதேம்மா."

"எனக்கு எதுக்கு எட்டணும். அவுக நெஞ்சு உசரம் இது."

சண்முகவேல் அண்ணன் செங்கல் அடுக்கி, டாங்கையும் அடுப்பையும் அந்த உசரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அதைச் சுற்ற இந்த வீட்டில் ஆள் இல்லை. நான் முயற்சி செய்தேன். கைப்பிடி மேலே போனபோது நானும் கூடவே போனேன். வௌவால் என்று சௌந்தரம் அக்கா பட்டம் கொடுத்திருக்கிறது. வறுவல் நின்றுபோய்விட்டது. ரோட்டோரத்து டீக்கடைக்காரர்கள் பொடி கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். மாசிக்கு மேல வாங்க, அவுக வந்ததும் வறுப்போம் என்று அம்மா சொல்லி அனுப்புகிறார்கள்.

தஸ்லீமா